சுங்க வாயிலின் கடிகாரம்: விடுவிப்புக் காலங்களைத் தேசந்தோறும் ஒப்பிடும் முறை

இலங்கைப் புகையிரதப் பாதையின் நிலையங்கள் அனைத்திலும் உயரமானது என்ற கீர்த்தி பெற்ற பட்டிப்பொல, கடல்மட்டத்துக்கு 1,891 மீற்றர் மேலே குளிரிலும் மூடுபனியிலும் இருப்பினும், அவ்வூர் விவசாயியின் வாழ்வு கொழும்புத் துறைமுகத்தோடு பிணைக்கப்பட்டே இருக்கிறது. அவர் பயிரிடும் கரட்டும் கோவாவும் பெரும்பாலும் பிறநாட்டுக் கலப்பின விதைகளின் பயிர். உருளைக்கிழங்கு நடுவோர் நாடும் தரமான விதைக்கிழங்கோ ஒல்லாந்து, ஜேர்மனி முதலிய தேசங்களிலிருந்து குளிர்பதனக் கொள்கலன்களிற் கடல் கடந்து வருவது. சற்றுக் கீழே இறங்கினால், தேயிலைத் தொழிற்சாலைகளில் நிறம் பார்த்துத் தூளைப் பிரிக்கும் இயந்திரங்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும் கூட வெளிநாட்டுச் சரக்கே. ஆகையால், மலைநாட்டில் ஒரு கூட்டுறவுச் சங்கமோ, விவசாயிகள் சிலர் சேர்ந்து அமைத்த கம்பெனியோ, தோட்டத்திற் பிறந்து வளர்ந்து வியாபாரத்தில் இறங்கிய ஓர் இளைஞரோ நேரடியாக இறக்குமதி செய்ய எண்ணும்போது, பொருளின் விலை, கப்பற் கட்டணம், தீர்வை ஆகிய மூன்றையும் கணக்கிட்டுவிட்டு, நான்காவதாகிய காலத்தைக் கணக்கிடாமல் விடுவது, பல சமயங்களில் முதல் மூன்று கணக்கையும் வீணாக்கிவிடும். அந்த நான்காவது கணக்கை எவ்வாறு போடுவது என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பது முதலில் தெளிவாயிருத்தல் அவசியம். ஒல்லாந்திலிருந்து விதைக்கிழங்கு வரவழைப்பவருக்கு, ஒல்லாந்து தன் இறக்குமதிகளை எத்தனை மணியில் விடுவிக்கிறது என்ற செய்தியால் நேரடியான பிரயோஜனம் இல்லை. அவருக்கு வேண்டியவை அத்தேசத்தின் ஏற்றுமதிக்குச் செல்லும் காலமும், கொழும்பின் இறக்குமதிக்குச் செல்லும் காலமுமே. பிற தேசங்களின் இறக்குமதிக் காலங்களை நாம் அறிய வேண்டுவது வேறொரு நிமித்தம்: இதே வேலையை அயலார் எவ்வளவு பொழுதிற் செய்கிறார்கள், எந்தப் படியில் நாம் பின்தங்குகிறோம், எந்தத் தாமதத்தை இயல்பென்று பொறுக்கலாம், எதைப் பொறுக்கலாகாது என்று துணிவதற்கு அது ஓர் அளவுகோலாகும்.

இத்தகைய ஒப்பீட்டுக்குப் பலரும் எடுத்துக்காட்டுவது, உலக வங்கி ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த ‘டூயிங் பிஸ்னஸ்’ அறிக்கையின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பிற் கண்ட எண்களையே. இறக்குமதியின்போது எல்லையில் நிறைவேற்றவேண்டிய கருமங்களுக்கு இலங்கையில் 72 மணி நேரமும், பத்திரங்களைச் சேர்த்து ஒப்படைப்பதற்கு 48 மணி நேரமும் ஆவதாக அது சொல்லியது. இந்தியாவுக்கு அவ்விரு எண்களும் 65, 20 என்றும், சிங்கப்பூருக்கு 33, 3 என்றும், வங்காளதேசத்துக்கு 216, 144 என்றும் குறித்தது. ஜேர்மனிக்கோ எல்லைக் கருமம் பூச்சியம், பத்திரத்துக்கு ஒரு மணி. இவ்விரு எண்களையும் கூட்டி ஒரே எண்ணாக்கி, இலங்கைக்கு 120 மணி என்று பேசுவாரும் உளர். அது பிழை, ஏனெனில் கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே பத்திரவேலை நடக்கக்கூடும், இரண்டும் ஒரே காலத்தில் ஓடக்கூடும். அந்த அறிக்கையையே, அதன் சில பதிப்புகளின் தரவுகளில் முறைகேடு கண்டதன் பின், உலக வங்கி 2021 செப்டெம்பரில் நிறுத்திவிட்டது என்பதையும், எனவே அவ்வெண்கள் இன்றைய நிலைமைக்குப் பிரமாணமாகா என்பதையும் வாசகர் மறக்கலாகாது.

ஜேர்மனியின் பூச்சியத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. அந்த அறிக்கை எல்லாத் தேசங்களுக்கும் பொதுவாக ஒரு கற்பனைச் சரக்கை வைத்துக்கொண்டு அளந்தது: 15 தொன் மோட்டார் வாகன உதிரிப்பாகங்கள், ஒவ்வொரு தேசமும் அவற்றை வழக்கமாக எத்தேசத்திலிருந்து மிகுதியாக வாங்குகிறதோ அங்கிருந்து வருவதாகக் கொள்வது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு தேசத்திலிருந்து அடுத்த தேசத்துக்கு லொறியில் வரும் சரக்குக்குச் சுங்கமே இல்லையாதலால், அங்கே அளப்பதற்கு எல்லை என்ற ஒன்றே இருக்கவில்லை. அதே உலக வங்கி, 2023ஆம் ஆண்டுச் சரக்குப்போக்குவரத்து அறிக்கையில், 2022 மே முதல் ஒக்டோபர் வரை கொள்கலன்கள் துறைமுகங்களில் தங்கிய நாட்களை அவற்றின் நடமாட்டப் பதிவுகளைக் கொண்டே அளந்தபோது, இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் சராசரி 3 நாள் என்றும், அமெரிக்காவுக்கு 7 நாள் என்றும், ஜேர்மனிக்கு 10 நாள் என்றும் கணக்கு வந்தது. ஒரே தேசம் ஓர் ஏட்டில் பூச்சியமும் மற்றோர் ஏட்டிற் பத்து நாளும் பெறுகிறதென்றால், இரண்டில் ஒன்று பொய் என்று முடிவுகட்டுவது அவசரம். முன்னது தரைவழி வந்த கற்பனை லொறி; பின்னது, பெருந்தொற்றுக்குப் பின் உலகத் துறைமுகங்கள் பலவும் நெரிசலுற்றிருந்த காலத்தில் கப்பலிலிருந்து இறங்கி முற்றத்திற் கிடந்த மெய்யான கொள்கலன். கடிகாரம் ஓடத் தொடங்கிய இடமும் அது நின்ற இடமும் வெவ்வேறு.

ஆகவே, விடுவிப்புக் காலம் என்று எவர் எந்த எண்ணைச் சொன்னாலும், அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்காமல் அதை எழுதிக்கொள்ள வேண்டாம். கப்பல் துறைக்கு வந்ததிலிருந்தா, கொள்கலன் இறங்கியதிலிருந்தா, சுங்கப் பிரகடனம் கணினியில் ஏறியதிலிருந்தா, தீர்வை செலுத்தியதிலிருந்தா? முடிவு என்பது சுங்க உத்தியோகஸ்தர் விடுவிப்புக் கட்டளை தந்த நொடியா, அல்லது லொறி துறைமுக வாயிலைத் தாண்டிய நொடியா? சுங்கத் திணைக்களம் பிரகடனத்திலிருந்து கட்டளை வரையில் எண்ணி ஒரு நாள் என்று சொல்லுவதும், வியாபாரி கப்பல் வந்ததிலிருந்து லொறி புறப்படும் வரையில் எண்ணி ஆறு நாள் என்று முறையிடுவதும், ஒரே சரக்கைப் பற்றி இருவரும் சொல்லும் உண்மைகளாகவே இருத்தல் கூடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கென்றே உலக சுங்க ஸ்தாபனம் ‘விடுவிப்புக் கால ஆய்வு’ என்ற முறையை வகுத்து, அதற்கொரு வழிகாட்டியை 2002இல் வெளியிட்டுப் பின்னர் 2011இலும் 2018இலும் திருத்தியது. சரக்கு வந்துசேர்ந்தது முதல் விடுவிக்கப்பட்டது வரையுள்ள பொழுதை ஒரே தொகையாகச் சொல்லாமல், படிப்படியாகப் பிரித்து, எந்தப் படியில் யார் கையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று காட்டுவதே அதன் சிறப்பு. 2017 பெப்ரவரி 22 முதல் அமுலில் இருக்கும் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கையும் (இலங்கை அதனை 2016 மே 31இல் ஏற்றுக்கொண்டது) இவ்வாறு அளந்து வெளியிடும்படி தேசங்களைத் தூண்டுகிறது. இந்தியாவின் தேசிய ஆய்வு இதற்கு நல்ல மாதிரி. 2023 ஜனவரிக்குரிய அதன் சராசரிகள் கடற்றுறைமுகங்களுக்கு 85 மணி 42 நிமிடம், உள்நாட்டுக் கொள்கலன் நிலையங்களுக்கு 71 மணி 46 நிமிடம், விமானச் சரக்குக்கு 44 மணி 16 நிமிடம், ஒருங்கிணைந்த தரையெல்லைச் சாவடிகளுக்கு 31 மணி 47 நிமிடம். அத்தேசம் தனக்கு விதித்துக்கொண்ட இலக்கோ கடல்வழிக்கு 48 மணி, வான்வழிக்கு 24 மணி. உலக வங்கி 65 என்று சொன்ன இடத்தில் இந்தியச் சுங்கமே தன்னை 85 என்று அளந்துகொண்டதைக் கண்டு, அது பின்னடைந்துவிட்டதென்று கருத வேண்டாம், அளவுகோல் வேறு. தன் தாமதத்தைத் தானே நிமிடக் கணக்காக வெளியிடும் ஒரு நிர்வாகத்தின் எண்ணையே, எவரோ கேள்விக்கொத்து அனுப்பிச் சேகரித்த சிறிய எண்ணைக் காட்டிலும், நான் மிகுதியாக நம்புவேன்.

தரையெல்லையில் இவ்விஷயம் இன்னும் கூர்மையாகும். இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் இடையிலுள்ள பெட்ராபோல்–பெனாபோல் எல்லையைக் கடக்க, சரக்கை ஒரு லொறியிலிருந்து மற்றொரு லொறிக்கு மாற்றும் 28 மணி நேரம் உட்பட, 138 மணி நேரம் ஆவதாகவும், கிழக்கு ஆபிரிக்காவில் ஒத்த அளவு சரக்கைக் கையாளும் எல்லைகளில் ஆறு மணிக்கும் குறைவே ஆவதாகவும் உலக வங்கியின் 2021ஆம் ஆண்டு ஆய்வொன்று கூறிற்று. சாவடிக்கு வெளியே வரிசையில் நிற்கும் லொறி எந்தச் சுங்கக் கணினியிலும் பதிவாவதில்லை. ஆகையால் சுங்கத்தின் ஏட்டை மட்டும் பார்ப்பவருக்கு அந்த நாட்கள் தெரியவே மாட்டா. கொழும்பைக் குறித்தும் இதுபோன்ற ஓர் எச்சரிக்கை வேண்டும்: அது பெரும்பாலும் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குச் சரக்கு மாற்றும் துறைமுகமாதலின், கப்பல்களை அது எவ்வளவு விரைவாகத் திருப்பி அனுப்புகிறது என்ற புகழுக்கும், பட்டிப்பொலைக்கு வரவேண்டிய கொள்கலன் எவ்வளவு விரைவாக வாயிலைத் தாண்டும் என்பதற்கும் சம்பந்தம் அற்பமே.

இனி விதைக்கிழங்கை எடுத்துக்கொள்வோம்; மலைநாட்டாருக்கு அதுவே இவ்வத்தியாயத்தின் உயிர். அதன் கடிகாரம் கப்பல் வருவதற்கு வெகு முன்னரே ஓடத் தொடங்கிவிடுகிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விவசாயத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் சரக்கு ஏற்றப்படுமுன் கையில் இருக்க வேண்டும். ஏற்றுமதித் தேசத்தின் தாவர சுகாதாரச் சான்றிதழ், அவ்வனுமதிப் பத்திரம் விதித்த நிபந்தனைகளைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றியதாகக் காட்ட வேண்டும். இனத்தின் பெயரோ, தொகையோ, கொள்கலன் இலக்கமோ ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் இருந்தால், அங்கேயே நாட்கள் கரைந்துவிடும். துறைமுகத்தில் இறங்கியபின், சுங்கம் தன் கருமத்தை எவ்வளவு துரிதமாக முடித்தாலும், தாவரத் தடுப்புக்காப்பு உத்தியோகஸ்தர் கிழங்கைப் பார்த்து மாதிரி எடுத்துச் சம்மதம் தராதவரையில் விடுவிப்பு இல்லை. முளைவிடும் பருவம் கடந்து தளர்ந்த விதைக்கிழங்கைச் சிறுபோகமோ பெரும்போகமோ காத்திருந்து ஏற்றுக்கொள்ளப்போவதில்லை என்பது நடுவோர் அறிந்தது. ஆதலால் ஒவ்வொரு நாளின் தாமதமும் நெஞ்சில் உறைப்பது இயல்பே.

ஆயினும் தடுப்புக்காப்பினால் வரும் இந்த ஒரு தாமதத்தைச் சுருக்கும்படி நான் எவருக்கும் யோசனை சொல்லேன். 1869ஆம் ஆண்டு மலைநாட்டாருக்கு இரு காரணங்களால் நினைவுகூரத்தக்கது: பல திருத்தங்களோடு இன்றும் வழங்கும் சுங்கக் கட்டளைச் சட்டம், அவ்வாண்டின் 17ஆம் இலக்கமாகப் பிறந்தது, கோப்பி இலைத் துருநோய் இலங்கையில் முதன்முதல் கண்டறியப்பட்டதும் அதே ஆண்டில். தீர்வை வாங்கும் வாயிலுக்குச் சட்டம் இருந்தது. நோயைத் தடுக்கும் வாயில் இருக்கவில்லை. இருபது ஆண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அவற்றின் இடத்தைத் தேயிலை கொண்டது. உருளைக்கிழங்கின் வேரிற் சிறு கூடுகளாய்ப் படியும் வட்டப்புழு ஏற்கெனவே நுவரெலியாப் பகுதி மண்ணில் இடம்பிடித்திருக்கிறது. அதன் கூடுகள் பயிரற்ற நிலத்திலும் பல ஆண்டுகள் உயிர்தாங்கிக் கிடப்பவை. உணவுக்கான உருளைக்கிழங்கின் இறக்குமதி 1967இல் தடைசெய்யப்பட்டு 1996இல் மீண்டும் திறக்கப்பட்டது முதல், தேசத்துக்குள் வரும் கிழங்கின் அளவு பெருகியிருக்கிறது. அதைப் பரிசோதிக்கும் கண்களும் கூடங்களும் அதற்கேற்பப் பெருகினால்தான் விரைவும் பாதுகாப்பும் சேர்ந்து வரும். 2025 ஜனவரியில் கொழும்பிற் கொள்கலன்கள் தேங்கியபோது, பரிசோதனைக்கெனக் குறிக்கப்பட்டிருந்த 323 கொள்கலன்கள் அப்பரிசோதனையின்றியே விடுவிக்கப்பட்டமை பெரும் விவாதமாயிற்று. அந்த மாதத்து விடுவிப்புக் காலத்தைச் சராசரியாக்கிப் பார்ப்பவர், விரைவு வந்த வழியையும் கேட்பாராக.

தடுப்புக்காப்பு என்ற சொல்லுக்கு மலைநாட்டுத் தமிழரின் குடும்ப நினைவில் ஒரு கனம் உண்டு. தூத்துக்குடி வழியாக வந்தவர்களைத் தட்டப்பாறையிலும், தனுஷ்கோடி–தலைமன்னார் வழியாக வந்தவர்களை மண்டபத்திலும், இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம்களில் நிறுத்தி, அம்மை குத்தி, நோய் பார்த்து, அதன் பின்னரே நம் பாட்டன் பாட்டிமாரைக் கப்பலேற விட்டார்கள். அங்கே மனிதரை நிறுத்திவைத்த நாட்களை எவரும் வர்த்தக அறிக்கையில் அளக்கவில்லை. தோட்டத்துக்கு ஆள் வந்துசேரும் நாள் ஒன்றே கணக்காயிருந்தது. எல்லையிற் காத்திருப்பவரின் பொழுதுக்கும் மதிப்புண்டு என்று இந்நூல் அடிக்கடி வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது செய்முறைக்கு வருவோம். வெளியாரின் எண்கள் திசைகாட்டுவனவே. உம்முடைய சரக்குக்கு உம்முடைய ஏடே பிரமாணம். ஒரு சாதாரணக் கொப்பியில், ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்த நாள், அது கிடைத்த நாள், மூலப் பத்திரங்கள் கைக்கு வந்த நாள், கப்பல் துறை சேர்ந்த நாளும் மணியும், கொள்கலன் இறங்கிய நேரம், ‘கஸ்டெக்’ என்று கிளியரிங் ஏஜன்ட்மார் சொல்லும் சுங்கப் பிரகடனம் ஏற்கப்பட்ட நேரம், தீர்வை செலுத்திய நேரம், கப்பற் கம்பெனியின் டெலிவரி ஓடர் வாங்கிய நேரம், பரிசோதனையின் அளவைக் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் வழிகளில் எதற்குக் குறிக்கப்பட்டது என்பது, தடுப்புக்காப்புப் பரிசோதனை தொடங்கியதும் முடிந்ததும், லொறி வாயிலைத் தாண்டிய நேரம் ஆகியவற்றை எழுதிவரவும். இவற்றைத் திருப்பிப் பார்த்தால், சுங்கத்தின் மேசையிற் கழிந்ததாக நாம் எண்ணிய பொழுதிற் பெரும்பங்கு, பத்திரம் தபாலில் வரக் காத்திருந்ததும், வங்கியிற் பணம் ஒழுங்காகக் காத்திருந்ததும், கப்பற் கம்பெனியின் கணக்குத் தீரக் காத்திருந்ததுமாகவே பல தடவைகளில் தெரியவரும். 2022இன் தொடக்கத்தில் டொலர் இன்மையால் உணவுப்பொருட் கொள்கலன்கள் கொழும்பில் தேங்கிக் கிடந்ததை நாடே கண்டது. அத்தாமதத்தைச் சுங்கத்தின் பேரில் எழுதுவது நியாயமன்று. அவ்வாறே, 2023இன் இறுதி முதல் செங்கடல் வழியை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த கப்பல்களின் மேலதிக நாட்கள் பயணத்துக்குரியவை. அவற்றை விடுவிப்புக் காலத்தோடு கலக்க வேண்டாம்.

சராசரியை மட்டும் நம்பி ஒப்பந்தம் செய்வது அபாயம். பத்துச் சரக்குகளில் ஒன்பது மூன்று மூன்று நாட்களிலும் ஒன்று இருபத்துமூன்று நாட்களிலும் வந்ததாகக் கொண்டால், சராசரி ஐந்து நாள் என்று வரும். ஆனால் ஐந்து நாளில் வந்த சரக்கு ஒன்றேனும் அங்கே இல்லை. விதைக்கிழங்குக்காரர் அஞ்சவேண்டியது அந்த இருபத்துமூன்றை. ஆகையால் இரண்டு தேசங்களை ஒப்பிடும்போதும், இரண்டு ஏஜன்ட்மாரை ஒப்பிடும்போதும், வழக்கமான நாளைக் கேட்டபின், மிக மோசமான நாளையும் கேட்கவும். அதற்குக் காரணத்தையும் கேட்கவும். விடுமுறைகளையும் எண்ணவும்: மாதந்தோறும் வரும் போயா தினமும், சித்திரைப் புதுவருடமும், அலுவலக நேரத்தைக் கொண்டு கணக்கிட்ட ஓர் எண்ணில் மறைந்துபோகும், ஆனால் குளிர்பதனக் கொள்கலனின் மின்கட்டணமும், டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணமும் அந்த நாட்களிலும் ஏறும். எத்தனை நாள் கட்டணமின்றித் தங்கலாம் என்பதைத் துறைமுகத்துக்கு வேறாகவும், கொள்கலனுக்குரிய கப்பற் கம்பெனிக்கு வேறாகவும், எழுத்துமூலம் பெற்றுக்கொள்வது அவசியம்.

சிங்கப்பூரின் விரைவைப் பார்த்து ஏங்குவோர், அதன் காரணத்தையும் அறிதல் வேண்டும். அத்தேசம் 1989 ஜனவரியில் ‘டிரேட்நெட்’ என்னும் ஏற்பாட்டைத் தொடங்கி, பல திணைக்களங்களின் அனுமதிகளை ஒரே மின்வாயிலூடாகக் கேட்கவும் பெறவும் வழிசெய்தது. சரக்கு வருமுன்னரே பத்திரம் முடிந்துவிடுகிறது. வியாபாரி தம்மளவில் பின்பற்றக்கூடிய பாடம் இதில் ஒன்றுண்டு: கப்பல் துறைக்கு வருமுன் செய்யக்கூடியவற்றுள் ஒன்றையும் வந்தபின் செய்வதற்கென்று விட்டுவைக்காதிருத்தல். மேற்சொன்ன உடன்படிக்கையின் ஏழாம் உறுப்புரையும் வருகைக்கு முந்திய பத்திரப் பரிசீலனையை எதிர்பார்க்கிறது. அதன் ஒன்பதாம் பகுதி, விரைவிற் பழுதுபடும் சரக்குகளுக்குப் பரிசோதனையில் முன்னுரிமையையும், குறிப்பிடத்தக்க தாமதம் நேர்ந்தால் எழுத்துமூலம் கேட்பவருக்குக் கூடுமானவரை காரணம் தெரிவிப்பதையும் கூறுகிறது. அது அரசுகள் தமக்குள் ஏற்ற கடப்பாடேயாயினும், மரியாதையான ஒரு கடிதத்துக்கு அது தக்க ஆதாரம். சரக்கின் இலக்கம், வந்த திகதி, இப்போது நிற்கும் படி, கிழங்கின் நிலை ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி, காரணத்தை அறிய விரும்புவதாக எழுதி, பிரதியொன்றை ஏட்டின் அதே பக்கத்தில் ஒட்டிவைக்கவும்.

வாயிலைத் தாண்டியதோடு ஏட்டை மூடிவிட வேண்டாம். கொழும்பிலிருந்து ஹற்றன் வழியாகவோ கண்டி வழியாகவோ நுவரெலியா ஏறி, அங்கிருந்து அம்பேவெல வழியாகப் பட்டிப்பொல சேரும் பாதையில், மழைக்காலத்து மண்சரிவினாற் போகும் நாட்களும் உண்டு. ஆதலின் கடைசிப் பதிவு, கிழங்குச் சாக்கு விதைக் கொட்டகையில் இறக்கப்பட்ட நேரமாகவே இருக்கட்டும். அடுத்த போகத்துக்கு விலை கேட்டு எழுதுமுன் அந்தப் பக்கங்களை விற்பவருக்கும் ஏஜன்டுக்கும் காட்டி, எந்த எந்தப் படியில் எத்தனை நாளைக் குறைக்க இயலும் என்று அவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்ளவும்.